பெரியாற்று ஏரி: உழவும் உலாவும்

மலைமேல் நீர் நிறைந்து நிற்கும் காட்சிக்கு மயங்காத மனம் இல்லை. உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், போடிநாயக்கனூர் வட்டாரத்துக் குடும்பங்கள் பெருநாள் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் வேன் அமர்த்திக்கொண்டு குமுளி மலைப்பாதையில் ஏறித் தேக்கடி செல்வது பல்லாண்டு வழக்கம். படகில் அமர்ந்து யானை தென்படுமா என்று கரையை உற்றுநோக்குவோம். ஏலமும் மிளகும் வாங்குவோம். பொழுது சாயுமுன் திரும்பிவிடுவோம். நாம் மிதந்துவந்த நீரின் ஒரு பகுதி அந்நேரத்திலேயே மலையைக் குடைந்த வழியே இறங்கி, நம் ஊர் வயலுக்குச் சென்றுகொண்டிருக்கிறது என்பதைப் படகில் இருக்கும்போது எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அவ்வேரியைச் சூழ்ந்த வாழ்வையும் பொழுதுபோக்கையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். அணையைப் பற்றிப் பேசுவோர் சுற்றுலாவை மறந்துவிடுகின்றனர். சுற்றுலாவைப் பற்றி எழுதுவோர்க்கு அணை கண்ணில் படுவதில்லை. ஆனால் இவ்விரண்டும் ஒரே நீர்மட்டத்தை நம்பி நிற்பவை. ஒன்றற்கு உகந்த நீர்மட்டம் மற்றொன்றற்கு உகந்ததாக எப்போதும் அமைவதுமில்லை.

ஏரி என்னும் சொல்

தமிழ் வழக்கில் ஏரி என்பது தானே தோன்றிய நீர்ப்பரப்பன்று. கரை எடுத்து, நீரைத் தேக்கி, மதகின் வழியே வயலுக்கு விடும் அமைப்பையே முன்னோர் ஏரி என்றனர். ஏர்த்தொழிலுக்கு உதவுவதால் ஏரி எனப் பெயர் பெற்றது என்று விளக்கம் கூறுவோரும் உளர். பாண்டி நாட்டில் அதனைக் கண்மாய் என்கிறோம். பருகுநீர்க்கு உரியதை ஊருணி என்கிறோம். நீர்நிலையின் பயனைக் கொண்டே பெயரிடும் மரபு நம்முடையது.

இம்மரபின்படி நோக்கினால் கொடைக்கானல் ஏரியை ஏரி என்பது சற்றுப் பொருந்தாது. 1863ஆம் ஆண்டளவில் மதுரை ஆட்சியராக விளங்கிய வியர் லெவிஞ்ச் என்பவர், மலையில் குடியேறிய ஐரோப்பியரின் இன்பவாழ்வுக்காக ஓடையை மறித்து அமைத்தது அது. தேக்கடியில் உள்ளதோ உழவுக்காகவே தேக்கப்பட்ட நீர். படகும் விடுதியும் புலிகள் காப்பகமும் பின்னர் வந்து சேர்ந்தவை. ஆகவே அதுவே தமிழ்ச்சொல்லின் முழுப்பொருளில் ஏரியாகும்.

மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியது

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழை மிகுதி. கிழக்குச் சரிவிலோ மழை மறைவு. பெரியாறு அம்மழையை எல்லாம் ஏந்திக்கொண்டு அரபிக்கடலில் கலந்தது. மலைக்கு இப்பால் வைகை பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடந்தது. இந்த முரண்பாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டவர் இராமநாதபுரம் சமத்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. மலையைக் கடந்து நீர் கொண்டுவரலாம் என்று அவர் எண்ணினார். பொருள்வசதி இன்மையால் எண்ணம் கைகூடவில்லை. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடிய பஞ்சம் சென்னை அரசை அத்திட்டத்தின்பால் திருப்பியது.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகத் தரப்பட்டது. 1887இல் பணி தொடங்கியது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையேற்றார். கட்டிய பகுதியைக் காட்டாற்று வெள்ளம் அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சல் தொழிலாளரை வாரிக்கொண்டது. அங்கேயே மடிந்தோரின் கல்லறைகள் அணைக்கு அருகே காட்டில் உள்ளன. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால் எழுந்த அணை 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் கொண்டது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார்.

பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டினார் என்னும் செய்தி நம் ஊர்களில் பெருவழக்காக உள்ளது. அணை அரசுத் திட்டமாக எழுந்ததற்கே ஆவணங்கள் உள்ளன. சொத்து விற்ற செய்திக்கு உறுதியான சான்று காட்டியவரில்லை. அச்செய்தி இல்லாமலே அவர் நன்றிக்கு உரியவர்தாம். வெள்ளம் அழித்ததை மீண்டும் மீண்டும் எழுப்பிய உறுதி ஒன்றே போதும். அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாள் தைப்பொங்கலை ஒட்டி வருவதால், கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பெயராலும் பொங்கல் வைக்கின்றனர். லோயர்கேம்பில் 2013ஆம் ஆண்டு அதே நாளில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

நீர் வரும் வழி

அணையைப் பார்க்கச் செல்வதாகக் கூறித் தேக்கடிக்குச் செல்வோர் பலர். உண்மையில் அணை தேக்கடியிலிருந்து தொலைவில், முல்லையாறும் பெரியாறும் கூடும் இடத்தில் உள்ளது. பொதுமக்கள் அங்குச் செல்ல இயலாது. தேக்கடியில் நாம் காண்பது ஏரியின் வடகரையையே. தமிழகத்துக்கு நீர் புறப்படும் தலைமதகும் அக்கரையில்தான் உள்ளது.

அங்கிருந்து ஏறத்தாழ 5,700 அடி நீளமுள்ள சுரங்கம் மலைமுகட்டின் அடியே கிழக்கு நோக்கி வருகிறது. பின்னர் இரைச்சல்பாலம் அருகே சிற்றணையில் தங்கி, பெருங்குழாய்களின் வழியே செங்குத்தாக இறங்கி லோயர்கேம்பில் உள்ள பெரியாறு மின்நிலையத்தின் எந்திரங்களைச் சுழற்றுகிறது. 1958 முதல் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தில் 35 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள் நிறுவப்பட்டன. நம் வட்டாரத்தில் முல்லையாறு என்று நாம் வழங்குவது இவ்வாறு இறங்கிவந்த நீரைத்தான். மலைமேல் உள்ள முல்லையாறு வேறு. பெயர் மட்டும் நீரோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

கீழிறங்கிய நீருக்கு முதல் உரிமை கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலுக்கு உண்டு. இயல்பான ஆண்டுகளில் ஜூன் முதல் நாளில் முதற்போகத்துக்கு நீர் திறக்கப்படுகிறது. எஞ்சியது வைகையில் கலந்து, 1959 ஜனவரியில் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள்வரை செல்கிறது. நெல் மட்டுமன்று, தென்னையும் வாழையும் திராட்சையும் இந்நீரின் கொடையால் நிலைத்தவை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பள்ளிவாசல் ஹவுளில் நிறைந்திருக்கும் நீரும் ஏதேனும் ஒரு வழியில் அம்மலை நீரே. ஓடும் ஆற்றங்கரையில் இருந்து ஒளுச் செய்தாலும் நீரை மிகையாகச் செலவிடலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. பாலைநாட்டினர் வறுமையால் கொண்ட சிக்கனம் என்று அதனைக் கருதுவோர் 'ஓடும் ஆறு' என்னும் சொற்களைக் கவனிப்பதில்லை.

மதகு திறக்கும் நாளில் அதிகாரிகளும் உழவர்களும் நீர்மீது மலர் தூவுவதை நாம் செய்தித்தாள்களில் காண்கிறோம். வெறும் சடங்கு என்று அதனைக் கடந்துவிடலாம். பரிபாடலில் வையையைப் பற்றிய பாடல்கள் புதுப்புனல் வரவையும், அதில் மக்கள் நீராடி மகிழ்ந்ததையும் பாடுகின்றன. உழவுக்கு வரும் நீரும் விளையாட்டுக்கு உரிய நீரும் அங்கே ஒன்றே. நீராட்டு விழாவின் மகிழ்ச்சி, விளைச்சல் வரப்போகிறது என்னும் மகிழ்ச்சியினின்று பிரிந்ததன்று. இன்று அவை இரண்டும் மலைக்கு இருபுறமாகப் பிரிந்துவிட்டன. உழவு கிழக்கே, உலா மேற்கே.

மூழ்கிய காட்டின் மேல் படகு

ஏரியின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். தேங்கிய நீரில் பள்ளத்தாக்குக் காடு மூழ்கியது. அன்று நின்ற மரங்களின் அடிகள் நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் கருத்த தூண்களாக நீருக்கு மேலே நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின்மேல் இறகு உலர்த்துகின்றன. படகில் செல்வோர் முதலில் ஒளிப்படம் எடுப்பது இம்மரங்களைத்தான். ஏரி செயற்கையானது என்பதற்கு அவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திருவிதாங்கூர் மன்னர் இவ்வேரிக்கரையில் கோடை மாளிகை அமைத்தனர். அது இன்று விடுதியாக உள்ளது. ஏரியைச் சூழ்ந்த காடு 1899இல் காப்புக்காடாகவும், 1934இல் நெல்லிக்காம்பட்டி வேட்டைவிலங்குச் சரணாலயமாகவும், 1950இல் பெரியாறு சரணாலயமாகவும், 1978இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மக்கள் படையெடுத்து வருவது இதனால்தான். யானை, காட்டெருது, கடமான் ஆகியவற்றைப் படகில் இருந்தவாறே காணும் வாய்ப்பு நாட்டில் மிகச் சில இடங்களிலேயே உண்டு.

நாம் முதலில் குறித்த சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஏரியில் நீர் குறையும்போது கரைச்சரிவு வெளிப்பட்டு அதில் இளம்புல் தழைக்கிறது. புல்லை நாடி விலங்குகள் திறந்தவெளிக்கு வருகின்றன. பயணிகளும் மகிழ்கின்றனர். ஏரி நிறையும்போது அப்புல்வெளி மூழ்க, விலங்குகள் காட்டுக்குள் ஒதுங்குகின்றன. பயணி வெறும் நீரையும் மரத்தையும் பார்த்துத் திரும்புகிறார். உழவர்க்கோ இதற்கு நேர்மாறு. நீர்மட்டம் ஏறத்தாழ 104 அடிக்குக் கீழே சென்றுவிட்டால் சுரங்கத்துக்கு நீர் ஏறாது. எஞ்சியிருப்பது பார்வைக்கு ஏரியாக இருந்தாலும் வயலுக்குப் பயன்படாது. படகில் இருப்பவர் 'நல்ல நாள்' என்று கருதும் நாள், கூடலூர் உழவர் கவலையுறும் நாளாக இருக்கக்கூடும். தேக்கடியில் யானைக்கூட்டம் கண்டோம் என்று பூரிக்கும் நம் மாணவர்கள் அன்றைய நீர்மட்டத்தையும் செய்தித்தாளில் பார்த்துவைத்தல் நன்று.

நீர்மட்டத்தின் வரலாறு நாடறிந்தது. இங்குச் சுருங்கக் கூறுதல் போதும். முழுக்கொள்ளளவு 152 அடி. 1979இல் பாதுகாப்பு ஐயம் எழுந்ததால் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. தமிழக அரசு அணையைக் காங்கிரீட்டாலும் எஃகு வடங்களாலும் வலுப்படுத்தியது. 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கேரளம் சட்டத்திருத்தம் செய்தது; வழக்கு மீண்டும் நடந்து, 2014 மே 7ஆம் நாள் 142 அடி உறுதிசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஏரி அவ்வளவை எட்டியது. அணைக்குக் கீழே இடுக்கி மாவட்டத்தில் வாழ்வோர் மழைக்காலத்தில் கொள்ளும் அச்சம் பொய்யன்று. நீரின்றி நாற்று கருகும் நம் உழவரின் துயரும் பொய்யன்று. பயணிகளின் வாகனம் நிறுத்துமிடம் குத்தகை நிலத்துக்குள் வருகிறதா என்பதுகூட உச்ச நீதிமன்றம்வரை சென்றுவிட்டது. உலாவும் உழவும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்துள்ளன என்பதற்கு அவ்வழக்கே சான்று.

2009 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை நிகழ்ந்ததை இவ்வேரியின் பொழுதுபோக்கைப் பற்றி எழுதும் எவரும் கூறாமல் விடலாகாது. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் விலங்கைக் காணும் ஆர்வத்தில் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தது காரணமாகக் கூறப்பட்டது. படகின் அமைப்புக் குறையும் பேசப்பட்டது. பயணிகள் மிதவை அங்கி அணிந்திருக்கவில்லை. மேல்தளத்தில் கூட்டம் மிகுந்து ஒருபுறம் நகரும்போது படகின் எடைமையம் உயர்ந்து விலகிவிடுகிறது. பின்னர் சிறு சாய்வும் தானே பெருகும். இது இயற்பியல் துறை மாணவர்க்குத் தெரிந்த செய்திதான். ஆயினும் யானை என்று ஒருவர் கைநீட்டும் நொடியில் எவர்க்கும் அது நினைவில் நிற்பதில்லை. இப்போது மிதவை அங்கி கட்டாயம். அதனைப் படம் எடுப்பதற்காகக் கழற்றும் இளைஞரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் கடிந்துகொள்ளும் உரிமை உடன்வரும் ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் உண்டு.

கரைவாழ் மக்கள்

ஏரி தோன்றுமுன் அக்காட்டில் வாழ்ந்தோர் மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினர். நீரும் காப்புக்காட்டுச் சட்டமும் அவர்களைக் குமுளியருகே குடியிருப்புகளுக்கு நகர்த்தின. எகிப்து நாட்டில் அசுவான் பேரணையால் நாசர் ஏரி தோன்றியபோது நூபிய மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. அங்கே அபூசிம்பல் கோயிலைப் பெயர்த்து உயரத்தில் நிறுவ உலகநாடுகள் பொருள் தந்தன. இங்கே பெயர்க்க வேண்டிய கற்கோயில் எதுவுமின்றி, மக்கள் மட்டுமே பெயர்ந்தனர்.

தமிழ்த்துறையினர் மன்னான் மக்களைத் தனியே கவனித்தல் வேண்டும். தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் கூறுகின்றனர். அவர்களது கூத்து கோவலன் கண்ணகி கதையைப் பாடுகிறது. அக்காட்டின் முகட்டில்தான் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டுக்கொருமுறை சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் மக்கள் அங்குச் செல்ல இசைவுண்டு. நம் பக்கத்திலிருந்து பளியன்குடி வழியாக நடந்தே ஏறுவோர் பலர். இளங்கோவடிகளின் காப்பியத்தை வகுப்பில் பயிலும் மாணவர், நூலறியாத மக்களிடம் அக்கதை வாழும் ஊர் தம் கல்லூரியிலிருந்து இரண்டு மணிநேரப் பயணத்தில் இருப்பதை அறிந்திருத்தல் வேண்டும். முனைவர்ப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுவோர்க்கு இது ஒரு குறிப்பு.

இம்மலைகளில் நம் முன்னோரின் நினைவும் உண்டு. ஏரிக்கு அப்பால் உள்ள பீர்மேடு, தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானக்கவி பீர்முகம்மது அப்பா அவர்கள் தவமிருந்த மேடு என்பதால் அப்பெயர் பெற்றது என்பது வழிவழிச் செய்தி. 'ஞானப்புகழ்ச்சி' பாடிய அப்பெருந்தகையைக் குறிஞ்சி நிலத்தோடு இணைத்துக் காணும் இம்மரபு தமிழ் முஸ்லிம்களுக்கு உவப்பானது.

ஏரியில் மீன்பிடித்தல் பழங்குடியினரின் தொழில். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்கு மீண்டது. ஏரியில் வந்து பெருகிய திலேப்பியாவும் அயல்நாட்டுக் கெண்டையும் இன்று வலையில் மிகுதியாக அகப்படுகின்றன. பெரியாற்றுக்கே உரிய அரிய மீன்வகைகள் அவற்றோடு போட்டியிட இயலாமல் ஓடைத்தலைப்புகளுக்கு ஒதுங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று 1941இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது.

காட்டில் வயணப்பட்டை உரித்துத் திருட்டாக விற்றுவந்த சிலரைத் தொண்ணூறுகளின் இறுதியில் வனத்துறை சிறைக்கு அனுப்புவதற்கு மாறாகக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கியது. காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்த அவர்கள் இன்று பயணிகளை மூங்கில் தெப்பத்தில் ஏற்றிச் செல்கின்றனர். ஈட்டுவதில் ஒரு பங்கு காட்டுக்காவலுக்கே திரும்புகிறது. 2002இல் குமுளிப் பெண்கள் 'வசந்தசேனை' என்னும் பெயரில் ஒன்றுகூடி, கூலி எதுவும் பெறாமல் நாள்தோறும் காட்டைச் சுற்றிக் காவல் புரியத் தொடங்கினர். ஏரியின் பொழுதுபோக்குப் பற்றி நாம் அறிந்த செய்திகளுள் நெஞ்சுக்கு இதமளிப்பவை இவ்விரண்டும்.

நாள்தோறும் மலையேறுவோர்

ஏரியைச் சார்ந்து வாழ்வோருள் படகுத்துறையில் காணப்படாத பெருங்கூட்டம் ஒன்று உண்டு. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் விடியுமுன் எழுந்து சோறாக்கித் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு ஜீப்பில் நெருங்கி அமர்ந்து மலையேறுகின்றனர். மாலையில் இறங்குகின்றனர். குமுளியின் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் கலந்து ஒலிப்பது இவர்களாலும், கம்பத்திலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் வணிகராலும்தான். அவ்வணிகருள் இராவுத்தர் குடும்பத்தினர் பலர். எல்லை என்பது அவர்களுக்குச் சோதனைச்சாவடி மட்டுமே.

2011 டிசம்பரில் அணைச்சிக்கல் முற்றியபோது அந்தச் சாவடி அடைபட்டது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் லோயர்கேம்பை நோக்கித் திரண்டு நடந்தனர். பேருந்தும் சரக்குந்தும் நின்றன. படகுத்துறை வெறிச்சோடியதைப் பற்றிச் செய்திகள் வந்தன. தோட்ட வேலைக்குச் செல்ல இயலாமல் வீட்டில் இருந்த பெண்களின் கூலியிழப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஏலம் பறிக்கும் பருவம் அது. காய் செடியிலேயே முற்றி வீணாயிற்று. இழப்பு மலையின் இருபுறத்தவர்க்கும் பொதுவாயிற்று.

நம் கல்லூரி வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருள் இத்தகைய தாய்மாரின் மக்கள் உளர். அவர்களிடம் நாம் கேட்டறிந்தவரை, இருபது முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் குமுளியைக் கடந்து செல்லும் அத்தாய்மாருள் பலர் தேக்கடிப் படகில் ஒருமுறையும் ஏறியதில்லை. வேலைநாளில் நேரமில்லை, விடுமுறை நாளில் மீண்டும் ஒருமுறை மலையேற உடம்பில் தெம்பில்லை.